மணி பார்த்துக் கொடுக்கும் மருந்து

வலி எவ்வளவு என்று நேராகக் கேட்டால் உண்மை வராது. திருவனந்தபுரம் மண்டல புற்றுநோய் மையத்துக்கு நாகர்கோவிலிலிருந்து வரும் அம்மாக்கள் பக்கத்தில் நிற்கும் மகளைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம்தான் மக்களே" என்பார்கள். வலி தணிப்புச் செவிலியான நான் அதனால் வேறு விதமாகக் கேட்பேன். ராத்திரி திரும்பிப் படுக்க முடிகிறதா? சோறு இறங்குகிறதா? குத்துகிறதா, கடுக்கிறதா, எரிகிறதா, ஷாக் அடித்த மாதிரி இழுக்கிறதா? எரிச்சலும் இழுப்பும் பெரும்பாலும் நரம்பு வலி. அதற்கு மருந்தே வேறு. என் வேலையில் பாதி இந்த விசாரிப்புதான்.

மார்ஃபின் என்றதும் வீடே கலங்கும். "கடைசி மருந்தா?" என்பார்கள். இல்லை. புற்றுநோய் வலிக்கு மருத்துவர் அளவு பார்த்துத் தரும்போது அடிமையாவது அபூர்வம். ஆனாலும் அந்தப் பயம் சட்டத்திலேயே இருந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு ஏகப்பட்ட உரிமங்கள் தேவைப்பட்டதால், பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. 2014இல் அந்த உரிமச் சிக்கலைக் குறைக்கும் திருத்தம் வந்தது. அதற்காக விடாமல் போராடியவர்களில் ஒருவர், 2003இல் இந்தத் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் எம். ஆர். ராஜகோபால். கேரள அரசு 2008லேயே வலி தணிப்புச் சிகிச்சைக்குக் கொள்கை வகுத்துவிட்டது.

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் சுமார் நான்கு மணி நேரம். வலி வரட்டும் என்று காத்திருந்தால் அதைப் பிடிக்க முடியாது; மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். கூடவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் வேண்டும். குமட்டலும் மயக்கமும் பெரும்பாலும் சில நாளில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது. இதைச் சொல்லாமல் விட்டதால்தான் நல்ல மருந்தைப் பாதியில் நிறுத்தியவர்கள் பலர். ஊர் திரும்பும் முன் அடுத்த மாத்திரை அங்கே எங்கே கிடைக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில வலிகளுக்கு மாத்திரையோடு காத்திருக்கக் கூடாது. புற்றுநோயாளிக்கு முதுகுவலியோடு கால் தளர்ந்தால், சிறுநீர் கட்டிக்கொண்டால், முதுகுத்தண்டு நரம்பு நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் நடை திரும்பாமலே போகலாம். நெஞ்சை அழுத்திக் கைக்கோ தாடைக்கோ பரவும் வலியை வாயு என்று நினைத்து வீட்டில் இருக்காதீர்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் பலவும் வயிற்றைப் புண்ணாக்கலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். மலம் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு வாரமாகியும் மாத்திரை இல்லாமல் முடியவில்லை என்றால், அடுத்த அட்டை வாங்காமல் மருத்துவரிடம் போங்கள்.