கடலுக்கடியில் நடவு

ஆவூர்க்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், மழையையும் குளத்தையும் நம்பிப் பிழைக்கும் ஊர் எங்களுடையது. வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர், 1747-இல் கட்டிய மாதா கோயில் உள்ள ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். கடல் இருப்பது மாவட்டத்தின் மறுகோடியில், கட்டுமாவடி, மணமேல்குடிப் பக்கம். அங்கே பாக் விரிகுடாவின் அடியில் புல் நடுவதுதான் என் வேலை.

கடற்புல்லைப் பலரும் பாசி என்றே நினைக்கிறார்கள். பாசிக்கு வேர் கிடையாது. இதற்கு வேர் உண்டு, சேற்றுக்குள் படுத்து ஓடும் தண்டு உண்டு, பூவும் விதையும் உண்டு. தரையில் வாழ்ந்த செடிகளின் வழிவந்தது, உப்புநீருக்குள் போய்ப் பூக்கக் கற்றுக்கொண்டது. நீள இலைகொண்ட ஒரு வகையில் ஆண் பூக்கள் காம்பை விட்டுக் கழன்று மேலே வந்து, நீர்ப்பரப்பில் மிதந்து போய்ப் பெண் பூவைச் சேர்கின்றன. வண்டும் தேனீயும் இல்லாத இடத்தில் அலையே அந்த வேலையைச் செய்கிறது. இதை முதன்முதலில் அறிந்த நாளில், படித்த புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இழுவை மடி திரும்பத் திரும்ப அரித்த இடங்களில் இந்தப் புல் பிய்ந்துபோகும். கலங்கல் படிந்து வெயில் அடிவரை எட்டாவிட்டாலும் சாகும். அப்படி வெறுமையான தரையில் மறுபடி நடுவதற்கு, மூங்கில் சட்டமும் தேங்காய்நார்க் கயிறும் கொண்டு செய்யும் முறை ஒன்று உண்டு. ஓம்கார் பவுண்டேஷன் என்ற அமைப்பு பாக் விரிகுடாவில் செய்துகாட்டிய முறை அது. சதுரமாகக் கட்டிய மூங்கிலில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு ஓடும். செழிப்பான புல்வெளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே இடத்தை மொட்டையடிக்காமல், நாற்று எடுக்க வேண்டும். தண்டின் வளர்நுனி அறுந்த நாற்று பரவாது. கரைக்குக் கொண்டுவந்ததும் வெயில் படாமல் கடல்நீரிலேயே வைத்துக் கயிற்றில் கட்டி, அன்றைக்கே இறக்கிவிட வேண்டும். முடிச்சு இறுகினால் தண்டு நசுங்கும், தளர்ந்தால் நீரோட்டம் உருவிக்கொண்டு போகும். எங்கள் அம்மா வயலில் நாற்று ஊன்றும்போது விரல் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை எப்படிப் பார்க்காமலே அறிந்தாரோ, அந்தப் பக்குவம்தான் இதற்கும் வேண்டும். வேர் பிடித்த பிறகு கயிறும் மூங்கிலும் மக்கிப் போகின்றன. பிளாஸ்டிக் கயிற்றால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. குணப்படுத்த வந்த இடத்தில் குப்பையை விட்டுவிட்டு வரக் கூடாது.

தெளிவான உச்சிவெயிலில் நட்ட சட்டத்தைப் பார்க்க முங்கினால், இலைகளின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டி நிற்கும். புல் விட்ட பிராணவாயு. பழைய புல்வெளிக்குள் இறால் குஞ்சுகளும், நீலநண்டின் பொடிக் குஞ்சுகளும், தண்டில் வாலைச் சுற்றிப் பிடித்திருக்கும் கடல்குதிரையும் இருக்கும். கரையில் கூடையில் வந்து விலைபோகும் எத்தனையோ உயிர்களுக்குக் குழந்தைப் பருவம் இங்கேதான்.

ஆனால் என்னைக் கையெடுத்துக் கும்பிட வைத்தது இவை எதுவும் இல்லை. ஒருமுறை நாற்று எடுக்கப் போன இடத்தில், புல்வெளியின் நடுவே ஒரு சாண் அகலத்தில் வளைந்து வளைந்து ஒரு வெறுந்தடம் போயிற்று. யாரோ வலையை இழுத்துப் புல்லைக் கெடுத்துவிட்டார்கள் என்று கொதித்து மேலே வந்து, படகுக்காரப் பெரியவரிடம் சொன்னேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இல்ல தம்பி, ஆவுளியா மேஞ்ச தடம். நேத்து ராத்திரி வந்திருக்கும்” என்றார்.

ஆவுளியா என்று கரையில் சொல்லும் கடற்பசு ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ புல் தின்னும், அதையும் வேரோடு பிடுங்கியே தின்னும். நட்டவன் கைக்கு அது வலிக்க வேண்டிய காட்சி. எனக்கோ கண் நிறைந்தது. யானைக்கு உறவான ஒரு பிராணி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நிலத்தை விட்டுக் கடலுக்குள் இறங்கிய வம்சம், இதே தண்ணீரில் இன்னும் உயிரோடு மேய்கிறது. மேய்ந்த இடத்தில் இளந்தளிர் மறுபடி ஓடிவரும் என்பதால் அந்தத் தடம் அழிவும் இல்லை. நான் கடற்பசுவை நேரில் கண்டதில்லை. ஆனாலும் அதற்காகத்தான் நடுகிறேன் என்று அந்தத் தடத்தின் மேல் மிதந்தபோது உறுதியாகத் தெரிந்தது.

எங்கள் ஊரில் பாஸ்கா இரவுப் பூசையில் தண்ணீரை மந்திரிப்பார்கள். படைப்பின் கதையை வாசிக்கும்போது, மாடு கன்றுகளுக்கு முந்தின நாளிலேயே கடலின் பெரிய உயிர்கள் வந்துவிடும். சிறுவயதில் தண்ணீர் என்றால் எனக்குக் குளம்தான், அந்த ஜெபம் மழைக்கான ஜெபம்தான். இப்போது அதே வாசகம் காதில் விழும்போது உப்பு நாக்கில் ஏறுகிறது. நம் பார்வைக்கு வராத உயிர்களையும் பார்த்து நல்லது என்று சொன்னவர் ஒருவர் இருக்கிறார் என்பதே என் விசுவாசம். குனிந்து முடிச்சுப் போடும் நேரம்தான் எனக்கு ஜெப நேரம்.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதலாவது. வேலிபோட முடியாத பாதுகாப்பகம் இது, படகில் போகிறவர்களின் மனசுதான் அதற்கு வேலி. கடற்பசு ஓராண்டுக்கும் மேலாகச் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த ஈற்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம். ஒன்று செத்தால் அந்த இடம் நிரம்ப வெகுகாலம் பிடிக்கும்.

அதனால் கட்டுமாவடி, மணமேல்குடிப் பக்கம் தொழிலுக்குப் போகும் அண்ணன் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். அடியில் புல் தெரியும் ஆழத்தில் இன்ஜினைத் தூக்கிவிட்டுக் கம்பு ஊன்றிப் போங்கள். நங்கூரத்தை மணல் பார்த்து இறக்குங்கள். வலையில் ஆவுளியா சிக்கினால் தாமதிக்காமல் வலையை அறுத்து அதை விட்டுவிடுங்கள், அது மூச்சு வாங்கச் சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். அப்படி விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகையும் தந்திருக்கிறது.