பற்றறி வேண்டாத கமரா

கடைசியில் வாங்கியே விட்டம். ஸோர்க்கி-4. 1956 இலிருந்து 1973 வரை சோவியத்தில் செய்த றேஞ்ச்ஃபைண்டர் கமரா. மூண்டு பேர் காசு சேர்த்தம். "போனிலயே எடுக்கலாமே" எண்டு கேக்காத ஆளில்லை. எடுக்கலாம்தான்.

கண்ணாடிக்குள்ள பார்த்தால் ஒரே ஆள் இரண்டாய்த் தெரிவார். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டு உருவமும் நகர்ந்து ஒண்டாகும். அப்பதான் ஃபோகஸ். வெளிச்சத்தை நாங்கள்தான் மட்டுக்கட்டோணும். பிலிமைச் சுத்தின பிறகுதான் ஷட்டர் வேகத்தை மாத்தலாம், இல்லாட்டி உள்ளுக்கு ஏதும் உடையும். ஒரு சுருளுக்கு 36 படம். கழுவக் கொழும்புக்கு அனுப்போணும்.

எங்களை விழுத்தினது வேறை விசயம். இதுக்குப் பற்றறியே வேண்டாம். தொண்ணூறுகளில் குடாநாட்டுக்குள் பற்றறி கொண்டுவரத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட சனம், கமராவுக்கு எங்கை போறது? இருந்த அல்பங்களும் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு போச்சு. எங்கட மூண்டு வீட்டிலயும் அம்மாவின்ர சின்ன வயதுப் படம் ஒண்டுகூட இல்லை. பழசெண்டு இருக்கிறது அடையாள அட்டைப் படம் மட்டும்தான். அதில சிரிப்பும் இல்லை.

முதல் சுருளின் 36 படமும் அம்மாமாருக்குத்தான் எண்டு முடிவு. "நில்லுங்கோ, சீலை மாத்திக்கொண்டு வாறன்" எண்டு உள்ளுக்குப் போனவ இன்னும் வரேல்லை.