புள்ளி தெரியும் முன்பே

நெல் இலையில் கண் வடிவப் புள்ளியைக் காட்டி, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்காத விவசாயி இல்லை. குலைநோய் அன்றுதான் வந்ததாக அவர் நினைக்கிறார். உண்மையில் பூஞ்சையின் வித்து இலையில் விழுந்து நான்கைந்து நாள் ஆன பிறகே புள்ளி கண்ணில் படும். யார் ஜெயிப்பது என்பது முதல் இரண்டு நாளிலேயே முடிவாகிவிடும். பயிர் நோயியலில் என்னைக் கட்டிப்போட்டிருப்பது அந்த இரண்டு நாள்தான்.

பார்ப்பதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். பிளாஸ்டிக் கவர்சிலிப்பில் வித்து கலந்த ஒரு சொட்டுத் தண்ணீர், ஈரம் காயாமல் ஓர் இரவு. பேரிக்காய் வடிவில் மூன்று அறைகள் கொண்ட வித்து, நுனியில் பசை சுரந்து ஒட்டிக்கொள்ளும், முளைக்குழல் நீட்டும், அதன் முனை உருண்டு அப்ரசோரியம் என்ற துளைக்கும் உறுப்பாகும். அதன் சுவரில் மெலனின் படிந்து கறுக்கும். உள்ளே கிளிசரால் சேரச் சேரத் தண்ணீர் புகுந்து, அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல் முப்பது மடங்குக்கு மேல் ஏறும். அந்த விசையில்தான் மெல்லிய ஆணி ஒன்று இலைத்தோலைத் துளைக்கிறது. மெலனின் செய்யத் தெரியாத பூஞ்சை ரகங்களால் நல்ல இலையைத் துளைக்க முடியாது. இலையைக் கீறி வைத்தால் அவையும் நோயை உண்டாக்கும். டிரைசைக்ளசோல் என்ற பூஞ்சைக்கொல்லி தடுப்பதும் இந்த மெலனினைத்தான். வாசல் தாண்டிப் போனதை அது ஒன்றும் செய்யாது.

உள்ளே நடப்பதைப் பார்க்க இலையுறையின் குழிவில் வித்துக்கரைசலை விட்டு, மறுநாள் பிளேடால் சீவிச் சீவி ஒற்றைச் செல் அடுக்காக்க வேண்டும். கை நடுங்கினால் போச்சு. சரியாக வந்தால், பூஞ்சை இழை புகுந்த செல் இன்னும் உயிரோடு இருப்பது தெரியும். முதன்முறை பார்ப்பவர்கள் இதை நம்புவதில்லை. பூஞ்சைச் சுவரின் கைட்டின் துணுக்குகளை மோப்பம் பிடிக்க நெல்லிடம் 'செபிப்' என்ற ஏற்பி இருக்கிறது. பூஞ்சையோ 'எஸ்எல்பி1' என்ற புரதத்தைச் சுரந்து அந்தத் துணுக்குகளைத் தானே பற்றிக்கொள்கிறது. துப்புக் கிடைக்காததால் நெல் சும்மா இருந்துவிடுகிறது.

இதற்கும் நெல்லிடம் பதில் உண்டு. பூஞ்சையின் 'ஏவிஆர்-பிடா' புரதத்தை 'பை-டா' என்ற மரபணு இனங்கண்டால், தாக்கப்பட்ட செல் தானே மடிந்து பூஞ்சையை அங்கேயே நிறுத்தும். ஆனால் ஏவிஆர்-பிடா மரபணு குரோமோசோமின் விளிம்பில், எளிதில் மாறிவிடக்கூடிய இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பை-டா கொண்ட 'பேங்க்ஸ்' ரகம் 2004இல் குலைநோய்க்கு ஆளானது. அங்கே எடுத்த பூஞ்சையில், தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்று அந்த மரபணுவுக்குள் புகுந்து அதைக் கெடுத்திருந்தது. அடையாளம் போனதும் காவலும் போயிற்று.

ஆகவே 'எதிர்ப்பு ரகம்' என்ற பெயரை நம்பி ஊர் முழுக்க ஒரே ரகத்தை ஆண்டுக்கணக்கில் நடாதீர்கள். பூஞ்சைக்கு அந்த ஒரு பூட்டை உடைத்தால் போதும். தழைச்சத்து மிஞ்சினால் நெல் இன்னும் எளிதாக மாட்டும் என்பதால் யூரியாவைப் பிரித்துப் போடுங்கள். பனி இறங்கி இலை வெகுநேரம் ஈரமாக இருக்கும் நாட்களில், புள்ளிக்குக் காத்திராமல் வயலில் இறங்கிப் பாருங்கள்.