காயலில் காத்திருந்த வேளை

மதுரைக்காரர்களாகிய எங்களுக்கு நீர் என்பது பெரும்பாலும் ஒரு நினைவுதான். வைகையின் மணலைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். வண்டியூர்த் தெப்பக்குளம் நிரம்பினால் அதைக் காணக் குடும்பத்தோடு புறப்படுவோம். எனக்கோ அந்நினைவு வேறு விதமானது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், மாடக்குளம் கண்மாயில் குளிக்க இறங்கிய என் தம்பி கரையேறவில்லை. அவனுக்கு வயது ஒன்பது. கரையில் துணிகளுக்குக் காவலிருந்த எனக்குப் பன்னிரண்டு.

அன்று முதல் எங்கள் வீட்டில் எவரும் நீச்சல் கற்றதில்லை. பிள்ளைகளைக் கொடைக்கானலுக்கு அழைத்துச் சென்றபோதும் ஏரியைச் சுற்றி நடந்தோமேயன்றிப் படகில் ஏறவில்லை. காரணத்தை நான் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை.

சென்ற அரையாண்டு விடுமுறையில் மகள் வயிற்றுப் பேத்தி, முத்துப்பேட்டைக் காயலைப் பார்த்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஜாம்பவானோடை தர்காவுக்குச் செல்லவேண்டும் என்று என் துணைவியாரும் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரு பக்கம் சேர்ந்தபின் என் வாக்கு எடுபடுமா? மேலூர், காரைக்குடி, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை வழியாக வேனில் சென்றோம். தர்காவில் பாத்திஹா ஓதிவிட்டு, மறுநாள் காலை வனத்துறையிடம் அனுமதி பெற்றுப் படகேறினோம். துணைவியார் கரையிலேயே தங்கிவிட்டார்.

கோரையாற்றின் வழியே படகு சென்றது. இருமருங்கும் அலையாத்தி மரங்கள். அலையின் வேகத்தை ஆற்றுவதால் அலையாத்தி என்று நம் முன்னோர் பெயரிட்டனர். எத்துணைப் பொருத்தமான பெயர்! சேற்றில் காற்றில்லை, ஆகவே அம்மரத்தின் வேர்கள் மண்ணைத் துளைத்து மேல்நோக்கி வளர்ந்து மூச்சு வாங்குகின்றன. விரலளவு குச்சிகளை ஆயிரக்கணக்கில் நட்டுவைத்தாற்போல் கரையெங்கும் அவை நிற்கின்றன. உறிஞ்சிய உப்பை இலையின் வழியே கக்கிவிடும் வித்தையும் அம்மரத்துக்குத் தெரியும். படகோட்டி ஓர் இலையைப் பறித்துப் பேத்தியிடம் கொடுத்தார். நாவால் தொட்டுப் பார்த்தவள், “நன்னா, இதைப் போட்டால் கறிக்கு உப்பே வேண்டாம்” என்றாள்.

2018 நவம்பர் 16 அன்று விடியுமுன் வந்த கஜா புயலைப் பற்றியும் அவர் சொன்னார். கரையில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. காட்டிலும் எண்ணற்ற மரங்கள் பட்டுப்போயின. வெளுத்து நின்ற சில அடிமரங்களைக் கைநீட்டிக் காட்டினார். அவற்றினடியில் இளங்கன்றுகள் தலையெடுத்திருந்தன.

ஆறு அகன்று காயலாயிற்று. (அவ்வூரார் வாயில் அது ‘லகூன்’தான்.) பாக் நீரிணையோடு ஒரு குறுகிய வாயிலால் தொடர்புகொண்ட பரந்த நீர்வெளி, ஆழமோ பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. தூரத்தில் கூழைக்கடாக்கள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றை நெருங்கிக் காண விரும்பிய அவசரத்தில் படகு தரை தட்டிவிட்டது. நீர் வற்றும் நேரம். “கடல் ஏறினால்தான் அசையும் பாய், இரண்டு மணி நேரம் ஆகும்” என்றார் படகோட்டி.

முழங்கால் நீர்தானே என்று பேத்தி இறங்கிவிட்டாள். “இறங்காதே பாப்பா!” என்று அவர் சொல்வதற்குள் தொடைவரை சேறு அவளை இழுத்துக்கொண்டது. நான் அலறினேன். என் வாயிலிருந்து வந்தது அவள் பெயரன்று, தம்பியின் பெயர்.

படகோட்டி சற்றும் பதறவில்லை. கழியைக் குறுக்கே நீட்டி, அதன்மேல் சாய்ந்து படுக்கச் சொல்லி, கால்களை ஒவ்வொன்றாக உருவி அவளை மேலேற்றினார். ஒரு செருப்பு காயலுக்குச் சொந்தமாயிற்று. அவள் சிரித்தாள். என் கைகள் நடுங்குவதைக் கண்டபின் சிரிப்பு நின்றது.

“யார் அது, நன்னா?”

சொன்னேன். மனைவியிடம்கூட முழுதாய்ச் சொல்லாததை, பதின்மூன்று வயதுச் சிறுமியிடம், நகராத படகில் அமர்ந்து சொன்னேன். அவன் சட்டையின் நிறத்தைச் சொன்னேன். அதை நான் மடித்து வைத்துக்கொண்டிருந்ததையும், தலை நிமிர்ந்து பார்க்காத அந்தச் சில நிமிடங்களையும் சொன்னேன். அவள் ஆறுதல் ஏதும் கூறவில்லை. “உங்களுக்கு நீச்சல் தெரியுமா அப்போது?” என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன்.

லுஹர் நேரம் வந்தது. பயணியாதலால் சுருக்கித் தொழுதேன். தரை தட்டிய படகில் ஒரு வசதி, கிப்லா மாறுவதில்லை. அதன்பின் மூவரும் வாளாவிருந்தோம். சலனம் அடங்கியதும் கொக்குகள் மிக அருகே வந்து இரை தேடின. சேற்றில் சிறு நண்டுகள் வளையைவிட்டு வெளிவந்தன. மோட்டார் ஓசையோடு விரைந்து சென்றிருந்தால் இவற்றில் ஒன்றையும் கண்டிருக்கமாட்டோம்.

மூச்சு வேர்களின் அடியை நீர் மெல்லத் தொட்டது; பிறகு பாதி மறைத்தது. படகு ஒருமுறை அசைந்தது. படகோட்டி கழியை எடுத்தவர், என்ன நினைத்தாரோ, அதைப் பேத்தியிடம் நீட்டி என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவள் ஊன்றித் தள்ளினாள். மூன்றாம் தள்ளலில் படகு மிதந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் ரேஸ்கோர்ஸ் மைதானத்து நீச்சல் குளத்தில் பயிற்சி நேரத்தை விசாரித்து வந்தேன். பெண்பிள்ளைகளுக்கு என்று கேட்டேன். முதியவர்களுக்கு உண்டா என்று கேட்க நாணமாயிருந்தது. அடுத்த வாரம் அவளே கேட்டு வந்துவிட்டாள்.