பரம்பரை வருத்தம்

எமது வீட்டில் கால் எரிவுக்கு ஒரு நோயின் பெயர் இருந்ததில்லை. பெயருக்குப் பதிலாக ஒரு தீர்ப்பு இருந்தது: "அது எங்கடை பரம்பரை வருத்தம்." பாட்டனார் நள்ளிரவில் எழுந்து கிணற்றடிக்குச் சென்று பாதங்களில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவாராம். தந்தையார் ஈரச்சாக்கை விரித்து அதன்மேல் பாதங்களை வைத்துக்கொண்டு படுப்பார். போர்வையின் நுனி பட்டாலும் பொறுக்கமாட்டார். பாட்டனார் பொறுத்துக்கொண்டார், ஆதலால் தாமும் பொறுக்கவேண்டும் என்பதே அவரது நியாயம்.

புகையிலைத் தோட்டத்தில் வெறுங்காலோடு நின்று உழைத்த மனிதர் அவர். வைத்தியசாலைக்குச் சென்றால் ஒரு நாள் வேலை கெடும். பரம்பரையாய் வந்ததற்கு மருந்து ஏது என்ற எண்ணம் அந்த ஒரு நாளை மிச்சப்படுத்திக் கொடுத்தது. பின்னர் ஒரு கோடையில் எரிவு தானாகவே தணிந்தது. வீட்டார் மகிழ்ந்தோம். நரம்பு தேறவில்லை, உணர்வையே இழந்துவிட்டது என்பதை அன்று நாம் அறிந்திலோம். கோயில் திருவிழாவின்போது உச்சி வெயிலில் வீதிமணலைச் சுற்றி வந்தவர் பாதத்தில் கொப்புளம் எழுந்ததை உணரவில்லை. கொப்புளம் புண்ணாயிற்று, புண் அழுகிற்று, இரு விரல்களை வெட்ட நேர்ந்தது. "சலரோகம் எத்தனை வருடமாக?" என்று வைத்தியர் கேட்டார். எம்முள் எவரிடமும் விடை இல்லை. அவருக்குச் சலரோகம் உண்டென்பதையே அன்றுதான் அறிந்தோம்.

உடலின் நரம்புகளுள் மிக நீண்டவை முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து கால் விரல்வரை செல்வன. குருதியில் குளுக்கோசு பல்லாண்டுகள் மிகுந்திருந்தால் நரம்பும் அதனைப் போஷிக்கும் நுண்ணிய குருதிக் குழாய்களும் பழுதுறுகின்றன. நெடுந்தூரம் செல்லும் நரம்பே முதலில் தளர்கின்றது. ஆதலால் நோய் பெரும்பாலும் இரு பாதங்களிலும் ஒருசேரத் தோன்றி மெல்ல மேலேறும். கெட்டுப்போன நரம்பை மீட்பது அரிது. மேலும் கெடாமற் காப்பது பெரிதும் இயலக்கூடியது. தந்தையார் இழந்தது இரு விரல்களை மட்டுமன்று. அவ்வாறு காத்திருக்கக்கூடிய பல ஆண்டுகளையும் இழந்தார்.

இரத்தவழியாக வரும் பாதநோய் இல்லையென்று நாம் வாதாடவில்லை. 1886ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் சார்க்கோ, மாரி என்னும் வைத்தியர்களும் இங்கிலாந்தில் டூத் என்பவரும் அத்தகைய ஒன்றை விவரித்தனர். கெண்டைக்கால் மெலியும், பாதத்தின் வளைவு உயரும், நடை தடுமாறும். அதன் பெருவழக்கான வகையில், நோயுள்ள பெற்றோர் ஒருவரின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. பரம்பரையலகிற் பிறக்கும் அந்நோயிலும்கூட அறிதல் வீண்போவதில்லை. தகுந்த பாதணியும் பயிற்சியும் நடையைத் தாங்கும். நரம்பைக் கெடுக்கும் மருந்துகளை விலக்கவும் முடியும்.

ஆயினும் ஒரே வகை மனிதருக்கு ஒரே நோய் வருவதனாலேயே அது இரத்தத்தின் குற்றமாகிவிடாது. எமது முதல் நியமனம் மலைநாட்டுப் பாடசாலையொன்றில் கிடைத்தது. அங்கே மூத்த ஆசிரியர் ஒருவர் கூறக்கேட்டு, பின்னர் தேடிப் படித்த செய்தி இது. 1977-78ஆம் ஆண்டுகளில் தேயிலைத் தோட்டங்களில் இருபது இளம்பெண்களின் கால்கள் திடீரெனத் தளர்ந்தன. எல்லாரும் அண்மையிற் பூப்பெய்தியவர்கள். இதனைப் பெண் பிறப்பின் வினை என்றோ குடும்பத் தோஷம் என்றோ கூறி விட்டுவிடுவது எத்துணை எளிது! வைத்தியர்களான சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் அவ்வாறு விடவில்லை. அப்பெண்கள் உண்டது என்ன என்று ஆராய்ந்தனர். பூப்பெய்திய பெண்ணுக்கு ஊட்டமாகக் கொடுக்கப்பட்ட நல்லெண்ணெயில் டிரை கிரெசில் பொஸ்பேற்று என்னும் நரம்பு நஞ்சு கலந்திருந்தது. முன்னர் கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களால் அது கலந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது. தாய் அன்போடு ஊட்டிய எண்ணெய் மகளின் காலை முடக்கிற்று. குற்றம் தாயின் இரத்தத்திலும் இல்லை, மகளின் இரத்தத்திலும் இல்லை. நஞ்சு கலந்த எண்ணெயில் இருந்தது.

இவற்றையெல்லாம் கற்றிருந்தும், எமது பாதத்தில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு தோன்றியபோது நாம் ஆறு மாதம் வாளாவிருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம். இரவில் விடைத்தாள் திருத்துகையில் கால்களை மேசைக்கடியில் தரையோடு தேய்த்துக்கொண்டே, தந்தையாரின் அதே வாக்கியத்தை மனத்துள் சொன்னோம். ஈற்றில் சென்றபோது வைத்தியர் இசைக்கவரொன்றை அதிரவிட்டுப் பெருவிரலில் வைத்தார். நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, உணர்கின்றீரா என வினவினார். குருதியிற் குளுக்கோசு மிகுந்திருந்தது. ஆனால் நைலோன் இழை தொட்ட இடமெல்லாம் எமக்குத் தெரிந்தது. "நேரத்துக்கு வந்துவிட்டீர்கள்" என்றார். தந்தையாருக்கு எவரும் சொல்லாத வார்த்தை அது.

வரும் வழியில் மாமி வீட்டுக்குச் சென்றோம். தந்தையாரின் தங்கையாகிய அவர் எவரிடமும் தம் காலைப் பற்றிப் பேசியதில்லை. எமது செய்தியைக் கூறி அவரையும் பரிசோதனைக்கு அழைத்தோம். அவர் வாசலை ஒருமுறை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மெல்லக் கதை தம்பி. சின்னவளுக்குப் பேச்சுக்கால் நடக்குது. தாய்க்கு வருத்தமெண்டு தெரிஞ்சால் ஆர் கேட்டு வருவினம்?"

எமக்கு விடை வரவில்லை. சலரோகம் குடும்பங்களிற் படர்வதில் பரம்பரையலகுக்குப் பங்குண்டு. ஒரே அடுப்பின் உணவுக்கும் பங்குண்டு. ஆனால் எமது குடும்பத்தில் தலைமுறை தவறாது கைமாறி வந்தது இந்த வாயடைப்புத்தான். ஒரு நாள் வருமானத்தை இழக்க அஞ்சும் வறுமை அதன் ஒரு பாதி. பெண்ணின் குலத்தை நிறுத்துப் பார்க்கும் சந்தை மறுபாதி. இரண்டும் மனிதர் ஆக்கியவை, மனிதரால் மாற்றத்தக்கவை.

நெடுநேரம் கழிந்தபின் மாமி சேலைக்கரையைச் சிறிது உயர்த்திப் பாதங்களை முன்னே நீட்டினார். இடது குதியில் ஒரு வெடிப்பு. அதனுள் ஒரு முள். "எப்ப குத்தினதோ தெரியாது" என்றார்.

மறுநாட் காலை முதற் பேருந்தில் இருவரும் வைத்தியசாலைக்குப் புறப்பட்டோம்.