மேகமலை ஏறிய அமெரிக்க மாப்பிள்ளை!

முதல்ல ஒரு கேள்வி. 'வேப்பர் லாக் என்றால் என்ன?'

மெக்கானிக்கல் பசங்க கையைத் தூக்குறது தெரியுது. ரெண்டு மார்க் கேள்வி. நானும் எழுதியிருக்கேன். ரெண்டுக்கு ரெண்டு வாங்கியிருக்கேன். ஆனா, அதே வேப்பர் லாக் மேகமலை ரோட்டுல என் முன்னாடி வந்து நின்னப்போ, அது யாருன்னே எனக்கு அடையாளம் தெரியலை!

நடந்தது இதுதான். செமஸ்டர் லீவுக்குச் சின்னமனூர்ல இருக்கிற தாய்மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். "மாமா, மேகமலை போகணும். ஒரு டாக்ஸி சொல்லுங்க"ன்னு கேட்டதும் சிரிச்சுட்டார்.

"வீட்டோட அமெரிக்க மாப்பிள்ளையை வெச்சுக்கிட்டு டாக்ஸி எதுக்குடா மாப்ள?"

கொட்டகைக்குள்ள சாக்கு போர்த்திக்கிட்டு நின்னுச்சு ஒரு ஜீப். 1965 மாடல், பெட்ரோல் வண்டி. மூக்கு மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கும். வில்லீஸ் பரம்பரை.

அது எப்படி அமெரிக்க மாப்பிள்ளைன்னு கேக்குறீங்களா? கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்.

1940. ரெண்டாம் உலகப் போர் நேரம். சின்னதா, எங்கே வேணா ஏறுற ஒரு வண்டி வேணும்னு அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் அனுப்புச்சு. பான்டம்னு ஒரு குட்டிக் கம்பெனி 49 நாள்ல முதல் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துச்சு. ஆனா பெரிய ஆர்டர் போனது வில்லீஸுக்கும் ஃபோர்டுக்கும். போர் முடியறதுக்குள்ள 6 லட்சத்துக்கும் மேல ஜீப் செஞ்சு தள்ளிட்டாங்க. போர் முடிஞ்சதும் மிச்சமான வண்டிகள் நம்ம ஊர்ல 'டிஸ்போசல் ஜீப்' ஆச்சு. 1947-ல மஹிந்திரா, வில்லீஸ் பாகங்களை இறக்குமதி செஞ்சு பம்பாய்ல பூட்டி விக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் இங்கேயே தயாரிப்பு.

எங்க மாமா வண்டி 'சிஜே 3பி' ரகம். இதோட இன்ஜின்ல இன்லெட் வால்வு தலையில இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்குல இருக்கும். அதனால இன்ஜின் உயரம் கூடிப்போச்சு. அது உள்ளே அடங்கணும்னுதான் பானட்டை உயர்த்தினாங்க. தூக்கலான மூக்கோட ரகசியம் இதுதான். அமெரிக்காவுல 1953-ல பிறந்த இந்த மாடலுக்கு 1968-லேயே அங்கே மூடுவிழா. நம்ம ஊர்ல அதுக்கப்புறமும் பல வருஷம் வந்துக்கிட்டே இருந்துச்சு. மாப்பிள்ளை இங்கேயே தங்கிட்டார்!

மூணு குச்சி ரகசியம்

காலையிலேயே கிளம்பிட்டோம். வாழைத்தோப்பு, தென்னந்தோப்பு தாண்டி, அடிவாரத்துல வனத்துறை செக்போஸ்ட். அதுக்கப்புறம் 18 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூவோட பேர் வெச்சிருக்காங்க. நீங்க போனா போர்டைப் படிச்சுக்கிட்டே போங்க, வயித்தைப் புரட்டுறது தெரியாது.

ஜீப்ல கியர் ராடு பக்கத்துல இன்னும் ரெண்டு சின்னக் குச்சி. ஒண்ணு முன் சக்கரத்துக்கும் பவர் குடுக்க. இன்னொண்ணு 'லோ' போட. லோ போட்டா வேகம் கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு குறையும், இழுவை அதே அளவுக்கு ஏறும். கியர் மொத்தமே மூணுதான். ஓடிக்கிட்டு இருக்கும்போது ஃபர்ஸ்ட் கியருக்கு இறக்கணும்னா கிளட்சை ரெண்டு தடவை மிதிக்கணும். இல்லேன்னா பல் நறநறன்னு கடிக்கும். நான் ஓட்டிப் பார்த்தேன். கடிச்சுது. மாமாவும்!

இன்ஜின் பிஸ்டனோட விட்டம் 79 மில்லிமீட்டர், அது மேலும் கீழும் போற தூரம் 111 மில்லிமீட்டர். 'லாங் ஸ்ட்ரோக்'னு படிச்சிருப்பீங்களே, அதுதான். அவசரமா சுத்தாது. ஆனா மெதுவா சுத்தும்போதே நல்லா இழுக்கும். நம்ம பைக் எல்லாம் கத்திக்கிட்டு ஏறுற இடத்துல இது முனகிக்கிட்டே ஏறிப் போயிடும்.

அப்படித்தான் போய்க்கிட்டிருந்துச்சு. பத்தாவது வளைவுக்குப் பக்கத்துல ரெண்டு குலுக்கு குலுக்கி... ஆஃப்!

நம்ம படிப்பைக் காட்ட இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? பானட்டைத் திறந்தேன். "இக்னிஷன் ப்ராப்ளம் மாமா"ன்னேன். நாலு பிளக்கையும் கழட்டினேன், துடைச்சேன், மாட்டினேன். அரை மணி நேரம் ஓடிப்போச்சு. கையெல்லாம் கரி. செல்ஃப் போட்டா சும்மா சுத்துதே தவிர, ஸ்டார்ட் ஆகலை.

மாமா ஒரு வார்த்தை பேசலை. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சாக்குத் துண்டை எடுத்தார். ரோட்டோரம் ஒழுகுற தண்ணியில நனைச்சார். பெட்ரோல் பம்ப் மேல சுத்திவிட்டார். "வா, பத்து நிமிஷம் உக்காருவோம். மலையைப் பாரு."

பத்து நிமிஷம் கழிச்சு செல்ஃப் போட்டார். பட்டுனு ஸ்டார்ட்!

அப்போதான் எனக்கு அந்த ரெண்டு மார்க் கேள்வி ஞாபகம் வந்துச்சு. டேங்க்ல இருந்து பம்ப் பெட்ரோலை உறிஞ்சணும். பம்ப் இருக்கிறது சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்துல. வண்டி மெதுவா ஏறும்போது காத்து பத்தாது, பானட்டுக்குள்ள சூடு ஏறும். பெட்ரோல் லைன்லயே கொதிச்சு ஆவியாயிடும். பம்ப் பெட்ரோலுக்குப் பதிலா ஆவியை இழுக்கும். இன்ஜின் பட்டினி! உயரமும் ஒரு காரணம். மேகமலை ஏறக்குறைய 1500 மீட்டர். அங்கே காத்தழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறுல ஒரு பங்கு கம்மி. அழுத்தம் குறைஞ்சா கொதிநிலையும் குறையும்னு ப்ளஸ் டூவுலயே படிச்சதுதானே? ஈரச் சாக்கு சூட்டை இழுத்ததும் ஆவி மறுபடி பெட்ரோல் ஆயிடுச்சு. அம்புட்டுத்தான்.

புக்ல நான் படிச்சது விடை. மாமாவுக்குத் தெரிஞ்சது வண்டி.

ஒரிஜினல் எது?

மேல போயிட்டோம். ரெண்டு பக்கமும் பச்சைக் கம்பளம் மாதிரி டீ எஸ்டேட், நடுவுல ஹைவேவிஸ் ஏரி. அதைத் தாண்டினா மணலாறு, வெண்ணியாறு, மகாராஜா மெட்டு, இரவங்கலாறுன்னு வரிசையா ஊருங்க. ஏரிக்கரையில கட்டன் சாயா குடிக்கும்போதுதான் மாமா மேட்டரை உடைச்சார்.

"இதுதான் கடைசி ட்ரிப்பா இருக்கும் மாப்ள. வண்டியைக் கேட்டு ஆள் வந்திருக்கு."

வந்தவர் பழைய கார் சேர்க்கிறவராம். முதல் கேள்வியே "எல்லாம் ஒரிஜினலா?"ங்கிறதுதானாம்.

மாமா சிரிச்சுக்கிட்டே கணக்கு சொன்னார். ஆறு வோல்ட் வயரிங்கைப் பன்னெண்டு வோல்ட்டா மாத்தினது ஒரு தடவை. மூட்டை ஏத்த பின்பக்கத்தை நீட்டிப் பாடி கட்டினது ஒரு தடவை. சேஸிஸ்ல வெல்டிங் ரெண்டு இடம். பிளேட்டு வேற வண்டியோடது. புஷ் எல்லாம் சின்னமனூர் லேத்ல கடைஞ்சது. இந்த ரோடு சீராகுறதுக்கு முன்னாடி அரிசி மூட்டை, பிரசவ கேஸ், கல்யாணப் பொண்ணு எல்லாம் ஏறி இறங்கின வண்டி அது. "ஒரிஜினலா வெச்சிருந்தா இது என்னைக்கோ நின்னிருக்கும்டா"ன்னார்.

எனக்குத் திக்குனு ஆச்சு. ஏன்னா, 2021-ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்துச்சு. 50 வருஷம் தாண்டின வண்டிக்குத் தனிப் பதிவு, நம்பர்ல 'விஏ'ங்கிற எழுத்து, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெருசா எதையும் மாத்தியிருக்கக் கூடாது. பதிவு பண்ணினாலும் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்குத்தான் ரோட்டுக்கு வரலாம்.

அதாவது, வேலை செய்யாம பத்திரமா இருந்தா அது பொக்கிஷம். 60 வருஷம் மலை ஏறி உழைச்சா அது வெறும் பழைய வண்டி!

கோவை ஜிடி கார் மியூசியத்துல பளபளன்னு நிக்கிற பழைய கார்களைப் பார்த்து நானும் வாயைப் பிளந்திருக்கேன். அவங்க காப்பாத்துறதும் பெரிய விஷயம்தான். அந்தக் கார் அப்போ எப்படி இருந்துச்சுன்னு நமக்குக் காட்டுறதே அவங்கதான். ஆனா கம்பம் பள்ளத்தாக்குப் பட்டறைகள்ல காப்பாத்துறது வேற ஒண்ணு. கிடைக்காத பார்ட்ஸைக் கடைஞ்சு போடுற கையை, சத்தத்தை வெச்சே வியாதி சொல்ற காதை. அதை எந்த மியூசியத்துலயும் நிறுத்தி வைக்க முடியாது. இன்னொருத்தர் கத்துக்கிட்டா மட்டும்தான் மிஞ்சும்.

"விக்காதீங்க மாமா"ன்னேன்.

"வெச்சுக்கிட்டு? எனக்கும் வயசாகுது. பாக்க ஆளில்லாத வண்டி வெறும் இரும்புதான்டா. இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வேற. பம்ப்ல இருக்கிற பழைய ரப்பர் டயஃப்ரம் அதுல ஊறி வீணாப் போகுது. யாரு பாக்குறது?"

பதில் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு. ஏன்னா, சும்மா 'நான் பாக்குறேன்'னு சொன்னா அந்தக் கறுத்துப்போன கையைப் பார்த்து மாமா சிரிச்சிடுவார். இறங்கும்போது லோ கியர்ல இன்ஜினே பிரேக் மாதிரி பிடிச்சுக்கிட்டு வந்துச்சு. அடிவாரம் வந்ததும் கேட்டேன்: "அந்த டயஃப்ரத்தை எப்ப மாத்தணும் மாமா?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை. ஏன்?"

"வர்றேன்."

மாமா ஒண்ணும் சொல்லலை. ஆனா வந்தவருக்கு இன்னும் போன் பண்ணலைன்னு அத்தை சொன்னாங்க. மூணு ஞாயிறு ஆச்சு. பெட்ரோல் பம்பைக் கழட்டி மாட்ட இப்ப எனக்கு வரும். முதல் தடவை கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டு பெட்ரோல் ஒழுகினதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!

நீங்க மேகமலை போனா ஏரி முன்னாடி போட்டோ எடுங்க, தப்பில்லை. பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போடாதீங்க, அது புலிகள் காப்பகம். இருட்டுறதுக்குள்ள இறங்கிடுங்க. அப்படியே வர்ற வழியில ஏதாவது ஒரு ஜீப் பட்டறையில அஞ்சு நிமிஷம் நில்லுங்க. அங்கே இருக்கிற அண்ணன்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க.

ரெண்டு மார்க் கேள்விதான். பதில் மட்டும் பதினாறு மார்க்குக்கு வரும்!