நின்றுகொண்டு தின்றதற்குக் கணக்கு உண்டா?

எங்கள் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி அடுப்பு பற்ற வைக்கும் வழக்கம் கிடையாது. கடையைச் சாத்திவிட்டு வரும்போதே அவர் நேரு வீதிப் பக்கமிருந்து பரோட்டா பார்சல் வாங்கி வந்துவிடுவார். "வாரத்திலே ஒரு நாளாவது நீ அடுப்படியை விட்டு வெளியே உட்காரு" என்பது அவர் கட்சி. நூலை அவிழ்த்து வாழை இலையைப் பிரித்ததும் ஒரு சால்னா மணம் வரும் பாருங்கள், தெருக்கோடி வரைக்கும் போகும்! கல்யாணமான நாளிலிருந்து அதுதான் எங்கள் வாராந்திரத் திருவிழா.

இரண்டாவது பிரசவத்தின்போது எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வந்தது. குழந்தை பிறந்ததும் போய்விட்டது. தொலைந்தது சனியன் என்று நானும் மறந்துவிட்டேன். சின்னவனுக்கு ஒன்பதாம் மாத ஊசி போட அழைத்துப் போனபோது டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். டேப்பை எடுத்து என் இடுப்பை அளந்தார். 92 சென்டிமீட்டர்!

"நம்ம நாட்டுப் பெண்களுக்கு 80-க்குள்ளே இருக்கணும்மா. கர்ப்பத்திலே சர்க்கரை வந்தவங்களுக்குப் பிற்காலத்திலே அது நிரந்தரமா வர வாய்ப்பு ஜாஸ்தி. எடையைக் குறைச்சா ஆபத்தும் குறையும். வருஷா வருஷம் ரத்தத்தைப் பரிசோதிச்சுக்கோ" என்றார்.

எனக்கு என் அம்மாவின் கால் ஞாபகம் வந்தது. சர்க்கரைப் புண் ஆறாமல் இரண்டு விரல்களை எடுத்த கால் அது.

அன்றைக்கே சபதம் எடுத்தாயிற்று. சனிக்கிழமை எல்லோரும் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் இரண்டு சப்பாத்தியோடு ஓரமாக உட்கார்ந்தேன். மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. "பால் குடுக்கிறவ இப்படி வாயைக் கட்டினா பிள்ளை என்னடி ஆகும்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரியும், அடுத்த ஆறு மாதம் 520 கலோரியும் கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் கணக்குச் சொல்லியிருக்கிறது. பட்டினி கிடந்து இளைக்கிற காலமில்லை அது. ஆனால் நான் எங்கே பட்டினி கிடந்தேன்? ஆறு வாரம் கழித்து எடை பார்த்தால், முக்கால் கிலோ ஏறியிருந்தது!

அப்புறம்தான் என்னை நானே கவனித்தேன். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தட்டெடுப்பது யார்? பெரியவள் மிச்சம் வைத்த பாதிப் பரோட்டா, அவர் இலையோரம் ஒதுக்கிய சிக்கன் துண்டு, கிண்ணத்து அடியில் கொஞ்சம் சால்னா. காசு கொடுத்து வாங்கியதாச்சே, குப்பையில் போட மனசு வருமா? நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வேன். உட்கார்ந்து சாப்பிட்டால்தானே சாப்பாடு? நின்றுகொண்டு விழுங்குவதற்குக் கணக்குக் கிடையாது என்பதுதான் நம் பெண்கள் வகுத்த சாஸ்திரம்! சப்பாத்தி இரண்டு, அதற்கு மேல் ஒன்றரைப் பரோட்டா.

சரி, எழுதிப் பார்ப்போம் என்று பெரியவளின் பழைய நோட்டை எடுத்தேன். ஒரு பரோட்டா, அளவைப் பொறுத்து, 250 முதல் 300 கலோரி வரை. ஒரு இட்லி சுமார் 50. மைதாவை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. எண்ணெய் ஒரு தேக்கரண்டியே 45 கலோரி. சால்னாவின் மேல் சிவப்பாக மிதக்கிறதே, அதில் எத்தனை தேக்கரண்டி இருக்கும்?

அடுத்த சனிக்கிழமை, "நானும் கடைக்கு வர்றேங்க" என்று புறப்பட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் வாங்கிட்டு வர்றது பிடிக்கலையா?" என்று கேட்டார். "அம்மா காலை நினைச்சுக்கிட்டேன்" என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. பாதி வழி வந்ததும் என் கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டார்.

கடையில் பரோட்டாக் கல்லின் பக்கத்தில் நின்று பார்த்தால் பாதிப் பசி அடங்கிவிடும். மாவு ஊறுவதும் எண்ணெயில், வீசுவதும் எண்ணெயில், வேகுவதும் எண்ணெயில். "சால்னாவை மேலாப்பிலே எடுக்காம அடியிலேருந்து ஊத்துங்கண்ணே" என்றேன். "எல்லாரும் எண்ணெய் மிதக்கணும்னு கேப்பாங்க, நீங்க புதுசா இருக்கீங்களே!" என்று சிரித்தார் மாஸ்டர். சாப்பிடுகிற நான்கு பேருக்கு எப்போதும் எட்டுப் பரோட்டா வாங்குவோம், குறைந்தால் நன்றாக இருக்காதென்று. அன்றைக்கு நான்குதான். கூட எட்டு இட்லி, எண்ணெய் விடாமல் இரண்டு கல்தோசை. சிக்கன் 65-க்குப் பதில் தந்தூரி. வீட்டில் வெள்ளரியும் வெங்காயமும் நறுக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். நானும் எல்லோரோடும் உட்கார்ந்து ஒரு பரோட்டா, இரண்டு இட்லி சாப்பிட்டேன். சப்பாத்தியோடு ஓரமாக உட்கார்ந்திருந்த நாட்களைவிட அது குறைவுதான்.

நடுவில் ஏமாந்த கதையும் உண்டு. 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது. நீள நீளமாக மொறுமொறு ரொட்டி நிறையவே கிடைக்கும். லேசாக இருக்கிறதே என்று நானே முக்கால் ரொட்டி தின்றுவிட்டேன். அதுவும் மைதாதானே! ஆனால் மாவில் எண்ணெய் சேராது. இப்போது கால் ரொட்டி, உள்ளே அவித்த முட்டை, தக்காளி. வெண்ணெய் தடவுவதில்லை. சாலட் என்று பெயர் போட்டு வந்த ஒரு டப்பாவில் பாதிக்கு மேல் மயோனைஸ்! அது பெரும்பாலும் எண்ணெய்தான், தெரியுமோ? பெயரைப் பார்த்து வாங்குவதை அன்றோடு விட்டேன். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டிகளை விடமாட்டார்கள், நிம்மதியாக நடக்கலாம். நடந்து முடித்துப் பட்டாணிச் சுண்டல் வாங்குகிறோம். பஜ்ஜிக் கடையைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏழு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. இடுப்பு 86. 80-க்கு இன்னும் தூரம் இருக்கிறது. போன மாதம் பார்த்ததில் ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தது.

போன சனிக்கிழமை பெரியவள் வழக்கம்போல் பாதிப் பரோட்டாவை மிச்சம் வைத்தாள். என் கை பழக்கதோஷத்தில் போய்விட்டது. பின்னாலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: "அதை மூடி ஃபிரிட்ஜிலே வை. காலையிலே கொத்துப் போட்டுக்கலாம்."

காலையில் முட்டை ஊற்றிக் கொத்தியதைச் சாப்பிட்டது அவர்தான். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். டேப்பைக் கொண்டு கிட்டே போனால் மனிதர் கடைக்கு நேரமாகிவிட்டது என்கிறார்!